மேனேஜரின் இடது பக்கம்

மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் மேனேஜர்தான். குளிர்பதனக் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டைகளை அதட்டி மேய்த்த மனிதர், வீட்டில் அதட்ட மனைவி ஒருத்தி மட்டும் போதாமல் ஒரு கார் வாங்கினார்.

அந்தக் காருக்குக் கிடைத்த மரியாதை கட்டின மனைவிக்குக் கிடைத்ததில்லை. கண்ணாடி துடைக்க ஒரு துணி, பானெட் துடைக்க ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. சக்கரத்துத் துணி அவளுடைய பழைய புடவை. சீட்டின் மேல் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை அவர் இன்றுவரை பிரிக்கவில்லை. வெயில் காலத்தில் இறங்கும்போது அவளை அதிலிருந்து உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

வாங்கிய புதிதில் ஒருநாள், கேட்டுக்குள் நுழைக்கும்போது இடது பக்கக் கண்ணாடி தூணில் உரசிவிட்டது. நகத்தால் கிள்ளிய அளவுக்கு ஒரு கீறல். மேனேஜர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கண்ணாடியை, முயல் காதை மடக்குகிற மாதிரி, கதவோடு சேர்த்து மடக்கினார். மடக்கியது மடக்கியதுதான். பின்னால் வருகிறவனைக் காட்ட வேண்டிய கண்ணாடி, தன் கார்க் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிறகு இடது பக்கம் என்ன வருகிறதென்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பக்கத்து சீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

"இருங்க, ஒரு பைக்கு வருது... பின்னாடியே இன்னொண்ணு... பால்கார வண்டி... ம், இப்பத் திரும்புங்க."

இடது பக்கம் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் இந்தப் பாட்டுத்தான். ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. "என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "கண்ணாடி வேலை டாக்டர்" என்றாள். அவர் ஏதோ தொழிற்சாலை என்று நினைத்து, தூசி போகாமல் மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

மேனேஜர் போகிற இடத்திலெல்லாம் பிரசங்கம் செய்வார். "என் கார் இதுவரைக்கும் ஒரு ஆளைத் தொட்டது கிடையாது. ஏன்? கவனம்! இந்த பைக்குக்காரனுங்களுக்குத்தான் கண்ணு பின்மண்டையில இருக்கு." அப்படி ஒரு கண் இவருக்கு இருந்தால் என் கழுத்து தப்பித்திருக்குமே என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் மேனேஜரின் அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அக்கா பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் முனையிலேயே இவள் தன் வேலையை ஆரம்பித்தாள். "இருங்க... ஒரு பைக்கு... போயிடுச்சு, திரும்புங்க."

பின்சீட்டிலிருந்து சிரிப்பு வந்தது. "ஏண்டா தம்பி, காரை ஓட்டுறது நீயா, அவளா? மாட்டை ஓட்டுற மாதிரில்ல உன்னை ஓட்டுறா!"

மேனேஜரின் காது சிவந்தது. "வாயை மூடிட்டு வர்றியா? எனக்கு ஓட்டத் தெரியும்."

"சரிங்க" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றுதான். அன்றைக்குப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டாம்.

மரச்சாமான் கடை தாண்டி இடது பக்கச் சந்தில் திரும்ப வேண்டும். கடைக்கு முன்னால் பார்சல் கொடுக்கிற ஒருவன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். சிவப்பு ஹெல்மெட், முதுகுக்குப் பின்னால் பெட்டி மாதிரி ஒரு பை. மேனேஜர் அவனைத் தாண்டினார். தாண்டிய சூட்டோடு இடது பக்கம் ஒடித்தார். அவன் நேராக வந்துகொண்டிருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. 'இருங்க' என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஓட்டத் தெரியும் என்றாரே, ஓட்டட்டுமே என்று அதை விழுங்கினாள். விழுங்கி முடிப்பதற்குள் அவள் கதவிலேயே மோதினான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக ஒரு கணம் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவன் கீழே போய்விட்டான்.

மேனேஜர் இறங்கி ஓடி வந்தார். முதலில் கதவைத்தான் தடவிப் பார்த்தார். "ஐயோ, இவ்வளவு பெரிய பள்ளம்!" ரோட்டில் கிடந்தவன் காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். கடைக்காரர்கள்தான் அவனைத் தூக்கினார்கள்.

கணுக்கால் முறிந்திருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. விபத்து அவன் தப்பால் நடந்தது என்று போலீஸ் எழுதினால் பார்சல் கம்பெனி அவனை வேலையை விட்டுத் தூக்கிவிடும். மேனேஜரோ அவன் பறந்து வந்து மோதினான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். படுக்கையில் கிடந்தவன் போலீசிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "கார்ல லெஃப்ட்ல உக்காந்திருந்த அம்மா என்னைப் பாத்தாங்க. அவங்களைக் கேளுங்க சார்."

வீட்டில் பாடம் நடந்தது.

"திடீர்னு வந்தான், நான் பாக்கலன்னு சொல்லிடு."

"நான் பாத்தேனே?"

"பாக்கலன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"இப்ப மட்டும் வாயைத் திறக்கச் சொல்றீங்க."

அக்கா முந்திக்கொண்டாள். "எவனோ ஒருத்தன் வேலை போனா உனக்கென்னடி? புருஷனைக் காட்டிக் குடுத்துட்டு எந்த வீட்டுல போய்ச் சாப்பிடுவே? நீ வாயே திறக்க வேணாம், நான் சொல்லிக்கிறேன்."

அப்படியே ஸ்டேஷனில் அக்காதான் முதலில் ஆரம்பித்தாள். "புயல் மாதிரி வந்தான் சார். இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"எங்கம்மா போயிட்டிருந்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கண் ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

"புரை சார்."

"எந்தக் கண்ணுல?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுலயும்."

ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டுக்குப் புரையேறியது. இன்ஸ்பெக்டர் மேனேஜரின் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பாத்தீங்களா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவள் கண்ணுக்கு முன்னால் அந்த ஹெல்மெட் முகம்தான் நின்றது.

"பாத்தேன் சார். அந்தத் தம்பி நேரா, நிதானமாத்தான் வந்துச்சு. நாங்கதான் தாண்டிப் போயி குறுக்க ஒடிச்சோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே உங்க வீட்டுக்காரர்கிட்ட?"

"எப்பவும் கழுத்தை நீட்டிப் பாத்துச் சொல்லுவேன் சார். அன்னிக்கு வாயை மூடுன்னாரு. எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. மூடிட்டேன்."

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார். "மேனேஜர் சார், அந்தப் பக்கக் கண்ணாடி ஏன் மடங்கிக் கிடக்கு?"

"அது... கீறல் விழும்னு..."

"ஓ! இந்த அம்மா கழுத்துல கீறல் விழாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

மேனேஜரின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பைக்குக்காரன் பேரில் தப்பில்லை என்று எழுதியதால் அவன் வேலை பிழைத்தது. கொஞ்சம் தேறி வந்ததும், கால் சரியாகும்வரை உட்கார்ந்தபடி பார்சல்களைத் தெருவாரியாகப் பிரிக்கச் சொன்னது கம்பெனி. மேனேஜரின் அக்கா இவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அது இவளுக்குப் பெரிய உபகாரம்.

ஒரு வாரம் கழித்து அவள் பழம் வாங்கிக்கொண்டு அடிபட்டவனைப் பார்க்கக் கிளம்பினாள். மேனேஜரும் வந்தார், வாடகைக் காரில். ஆனால் இறங்கி உள்ளே வரவில்லை.

ஒற்றை அறை வீடு. கட்டிலில் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தான். "நீங்க மட்டும் சொல்லலேன்னா என் வேலை போயிருக்கும்மா" என்று கைகூப்பினான். அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் பெண்டாட்டி துணியைப் பிழிந்துகொண்டே திரும்பினாள். "ஸ்டேஷன்ல திறந்த வாயைக் கார்லயே திறந்திருந்தா, இவரு இன்னிக்கு நடந்துட்டு இருப்பாரு."

"ஏய், சும்மா இரு" என்றான் அவன்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒருத்தி சும்மா இருந்ததாலதானே இப்படிக் கிடக்கிறே! பக்கெட்டு தூக்கறது யாரு? இந்தம்மாவா? போலீசுக்காரரு சொன்னாரு, ரோஷமாம் ரோஷம்! உங்க புருஷன் மேல கோவம்னா அவரு சோத்துல உப்பைக் கொட்டுங்க. என் புருஷன் காலு என்ன பண்ணுச்சு?"

பெருமை போன இடம் தெரியவில்லை. "அவ சொல்லட்டும் தம்பி, தடுக்காத" என்று அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணும் குறை வைக்கவில்லை. மூச்சு வாங்கி நிறுத்தியபோது, "தப்புதாம்மா" என்றாள் இவள். பழப் பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மேனேஜர் வாடகைக் காருக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"உள்ள போய்க் கேட்டுக்குங்க. எனக்குக் குடுத்தது கொஞ்சந்தான். உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கா."

"நான் எதுக்கு இப்ப..."

"இறங்குங்க."

அவர் தெருவைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டான். வேறு வழியில்லாமல் மேனேஜர் இறங்கிப் போய், அந்த வாசலில் செருப்பைக் கழற்றினார்.