தேய்ந்தது பேடு என்றேன்

பிரேக் பேடு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை அடித்து, டிஸ்க் பிளேட்டை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் போதும். தகட்டில் ஒட்டிய கறுப்புக் கட்டி தெரியும். அதுதான் பேடு. நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறவரை ஓட்டலாம், அழிந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இதை என் மனைவிக்கு மூன்று மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், காலை எட்டரை மணிக்கு விளக்கியிருக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிடுவாள்.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ஒரு நாள் விட்டாலும் கால் வீங்கிவிடும், மூச்சு வாங்கும். அந்தப் பகல்களில் நான் அவளோடு இருக்க வேண்டுமே என்று மில்லில் நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கினேன். எல்லோரும் தப்பிக்கப் பார்க்கிற ஷிப்டை ஒருத்தன் வலிய வந்து கேட்டால் கொடுக்கவா மாட்டார்கள்?

ராத்திரி ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும். எட்டு மணிக்கு வீடு. ஒரு குளியல், நாலு இட்லி. பிறகு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த வழியே மறுபடி அருப்புக்கோட்டை. அவள் உள்ளே படுத்திருக்க, நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூன்று மணி சுமாருக்கு ஊர் திரும்புவோம். பஸ்ஸில் வரலாம்தான். ஆனால் மெஷினை விட்டு எழுந்ததும் அவளுக்குத் தலை கிறுகிறுக்கும், நிற்க முடியாது, நம் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மகராசர்கள் அதிகம் கிடையாது. வண்டியில் என்றால் என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கொஞ்சம் கண் அசந்தால் மறுபடி ஷிப்டுக்கு நேரமாகிவிடும். யாராவது "எப்பய்யா தூங்குற?" என்று கேட்டால், "மில்லுக்காரனுக்கு எதுக்குய்யா தூக்கம்?" என்பேன். அதில் ஒரு பெருமை வேறு. இப்போது நினைத்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

வண்டி முன்பிரேக்கைப் பிடித்தால் கிரீச்சென்று கத்த ஆரம்பித்தது. காட்டில் மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். பந்தல்குடி ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பேடு இன்னும் ரெண்டு மாசம் ஓடும்ணே. புழுதி ஏறியிருக்கு, அம்புட்டுத்தான்," என்றார். பேடு நல்லதாக இருந்தாலும் புழுதி புகுந்தால் கத்தும் என்பது நிஜம். நம் பக்கத்துப் புழுதி எதில்தான் புகவில்லை?

தை மாதம் ஒரு வியாழக்கிழமை. ஷிப்ட் முடிந்து வந்தவன், அவள் தலை சீவி வருவதற்குள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரத்தை உருட்டினேன், கத்தியது. பக்கத்தில் மில்லிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் டப்பா இருந்தது. டிஸ்க் பிளேட்டில் நாலு சொட்டு விட்டேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது.

பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பேடும் பிளேட்டும் ஒன்றையொன்று உரசினால்தான் வண்டி நிற்கும், உரசாமல் வழுக்கினால் எங்கே நிற்பது? ஆனால் முப்பது வருஷம் மில்லில் சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் எண்ணெய் விட்ட கை இது. யோசனை வந்து சேர்வதற்கு முன்பே டப்பாவைச் சாய்த்துவிட்டது.

திருச்சுழியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டின் பாதியில் குதிரைவாலி பரப்பியிருந்தார்கள். அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கம் இப்படித்தான். கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டி ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். ஓரத்தில் காவலுக்குக் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து, பார்த்து ஏறி இறங்கிப் போவார்கள். நான் நேரே போய் அந்தக் கல்லில் ஏறினேன். முன்சக்கரம் சட்டென்று திரும்பியது. இரண்டு பேரும் கதிரின் மேல் விழுந்தோம்.

அவள் விழும்போது இடது கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டாள். டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற கை அது. அதில் அடிபட்டால் வேறு இடம் தேட வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். விழுகிற அந்த ஒரு நொடியிலும் அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. வலது முழங்கையும் முட்டியும் சிராய்த்து ரத்தம் வடிய, இடது கையைத் தூக்கியபடியே கிடந்தாள்.

கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். இன்னொருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணப் பொடதியில வச்சுக்கிட்டா ஓட்டுனீக? இம்புட்டுப் பெரிய கல்லு தெரியலையா?"

"பிரேக்கு பிடிக்கலம்மா!" என்று கத்தினேன். "ரோடு என்ன உங்க வீட்டுக் களமா? நடு ரோட்டுல காயப் போட்டுட்டு என்னையப் பேசுற?"

பிரேக்கு பிடிக்கவில்லை என்று நான் சொன்னது அப்போதுதான் முதல் தடவை. பிரேக் லிவரை இழுத்தது, அது கல் மாதிரிக் கெட்டியாக இருந்தது, வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போனது எல்லாம் கையில் அப்படியே இருப்பதுபோல் தோன்றியது. ஷேர் ஆட்டோ ஒன்றை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டு, அன்றைக்கும் நான்கு மணி நேரம் மெஷினில் படுக்கவைத்தார்கள்.

மறுநாள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பேடு இருக்கிற பெட்டியின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, எண்ணெய் குடித்த பேடுகளை எடுத்தேன். கட்டி பாதிக்கு மேல் இருந்தது, பள்ளமும் நன்றாகத் தெரிந்தது. கருவேலங்காட்டுக்குள் தூர வீசினேன். டிஸ்க் பிளேட்டைப் பெட்ரோல் விட்டுத் துடைத்தேன். புதுப் பேடு போட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம், "பேடு தேஞ்சு போச்சு, அந்த மெக்கானிக் பய கவனிக்கல," என்றேன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, சொன்னதோடு விடாமல் அவர் கடைக்கே போய்ச் சத்தமும் போட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "பழைய பேடக் கொண்டாங்கண்ணே, பாத்துருவோம்," என்றார்.

"அத எதுக்கு வச்சிருக்கப் போறேன்? தூர எறிஞ்சாச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு வண்டிக்குத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை.

சனிக்கிழமை காலை நான் வண்டியைக் கிளப்பி நின்றேன். அவள் பையோடு வெளியே வந்து, "நான் பஸ்ஸுல போயிட்டு வாரேன். நீங்க உள்ள போய்ப் படுங்க," என்றாள். பக்கத்து ஊர் அக்கா ஒன்று அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறது. அது போகிற பஸ்ஸில் போய், அதுகூடவே திரும்பி வந்துவிடுவாளாம். எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறாள். எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் என் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு என் வண்டி ஆகாமல் போய்விட்டது.

அதிலிருந்துதான் இந்தப் பேடு பார்க்கிற வேலை ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து, குளிக்காமல்கூட முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவள் சாப்பிடும்போதே டார்ச் அடித்துக் காட்டுவேன். "இந்தா பாரு, பள்ளம் தெரியுதா? ரெண்டு பக்கமும் ஒரே கனம். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சாத்தான் ஆபத்து." டிஸ்க் பிளேட்டின் மேல் நகத்தை வைத்து உள்ளிருந்து விளிம்புவரை இழுத்துக் காட்டுவேன். நகம் எங்கும் தட்டக்கூடாது. விளிம்பில் வரப்பு மாதிரித் தட்டினால் பிளேட்டே தேய்ந்து குழிந்துவிட்டது என்று அர்த்தம். "உன் நகத்த வச்சுப் பாரு," என்பேன். அவளும் பாவம், வைத்துப் பார்ப்பாள். தெருவில் ஒரு ஓட்டு ஓட்டி, வாசலுக்கு நேரே பிரேக் அடித்து, "குத்துக்கல்லாட்டம் நிக்கிது பாத்தியா?" என்பேன்.

"நல்லா நிக்கிது," என்பாள். பஸ்ஸுக்கு நடப்பாள்.

அவள் போனதும் எனக்குக் கோபம் வரும். கோபத்தில் அந்தப் பிரேக் பெட்டியை மறுபடி கழற்றி மறுபடி மாட்டுவேன். பிறகு வெயில் ஏறிவிடும், தகரக் கூரைக்குக் கீழே படுத்தால் தூக்கம் எங்கே வரும்? கோபத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்து அரித்தது. பேடு தேயவில்லை, எண்ணெய் விட்டது நான் என்பதை அவளிடம் சொல்லவே இல்லை. அவளைத் தள்ளிவிட்டதும் இல்லாமல், பழைய பேடு தேய்ந்தது என்று வாராவாரம் அவள் முன்னாலேயே பொய்யை நகத்தால் சுரண்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை என்னால் முடியவில்லை. உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது. வண்டியைத் தொடாமல் அவள் பின்னாலேயே பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். பஸ் வரவில்லை. வேறு யாரும் இல்லை. மைல்கல்லின் மேல் துண்டை விரித்து அவளை உட்காரச் சொன்னேன்.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு பேடு தேயல. காலையில சத்தம் வருதுன்னு நாந்தான் பிளேட்டுல எண்ணெய விட்டேன். அதான் பிரேக்கு பிடிக்கல. தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு, திட்டு விழட்டும் என்று நின்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எண்ணெய் விட்டீகளா? அதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றாள். "அன்னைக்கு நீங்க பிரேக்கே பிடிக்கலையே."

"என்ன ஒளறுற? பிடிச்சேன். நல்லா இழுத்துப் பிடிச்சேன்."

"பிடிக்கல. ஒங்க தலை தொங்கிருச்சு. முதுகு அப்படியே முன்னால சரிஞ்சுச்சு. தோளப் பிடிச்சு உலுக்குனேன், அதுக்குள்ள கல்லுல ஏறிருச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப மூணு மாசமா ஏண்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா ஒத்துக்கிடுவீகளா? ரோட்டுல அந்தப் பொம்பளைககிட்ட எப்படிக் கத்துனீக? நான் பஸ்ஸுல போனா நீங்க அந்த நேரத்துக்குப் படுப்பீகன்னு பாத்தேன். நீங்க ஸ்பானரத் தூக்கிக்கிட்டு உக்காந்துட்டீக."

லிவரை இழுத்தது உண்மையிலேயே கையில் இருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது, வழுக்கியது என்பதெல்லாம் இருந்தது. ஆனால் அவை நான் ஊரெல்லாம் சொன்ன வார்த்தைகள். கதிர் பரப்பியிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. திருச்சுழியைத் தாண்டியதுகூட ஞாபகம் இல்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு மட்டுந்தானா?"

"இல்ல. எத்தன தடவன்னு எண்ணல. தலை ஆடுச்சுன்னா ஏதாச்சும் பேச்சுக் குடுப்பேன். நீங்க பேசாம வான்னு எரிஞ்சு விழுவீக. அப்ப முழிச்சுக்கிட்டீகன்னு தெரிஞ்சுக்குவேன்."

"திரும்பி வரும்போது?"

தூரத்தில் பஸ் திரும்புகிற புழுதி தெரிந்தது. அவள் எழுந்து துண்டை உதறி என் கையில் கொடுத்தாள்.

"வரும்போது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான வருவேன்."