பதினெட்டுப் பேரில் ஒருவர் குறைந்த மாலை: கனகசெட்டிக்குளத்தில் எங்கள் மௌன முகாம்

ஆற்காட்டில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. ஞாயிறு காலைகளில் எங்கள் தெருவில் உள்ள ஒரு மாடி அறையில் இருபது பேர் போலக் கூடி, புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்வோம். குழுவில் நான்தான் பொருளாளர். தினமும் பில் போடுகிறவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை வெளியூரில் மூன்று நாள் மௌன முகாம் நடத்துவோம். இந்த வருடம் பொங்கல் முடிந்த மறு வாரம், புதுச்சேரியின் வடக்கு எல்லையில் கடலோரமாக இருக்கும் கனகசெட்டிக்குளத்தில் நடத்தினோம். இதே மாதிரி முகாம் நடத்த நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் செய்த தவறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டு வாடகை மூன்று நாளுக்கு 36,000 ரூபாய். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400. தலைக்கு 3,500 என்று வைத்தோம். முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் வரலாம். பதினெட்டுப் பேர் வந்தால் எப்படியோ சமாளித்துவிடலாம், ஒருவர் குறைந்தாலும் குழுவின் சேமிப்பில் கை வைக்க வேண்டும். அந்தச் சேமிப்பே 11,400 ரூபாய்தான். முகாமுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மறுநாள் வாலாஜாவிலிருந்து முருகேசன் என்பவரின் படிவம் வந்தது. அறுபத்தொரு வயது, அரிசி மண்டி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முழுப் பணமும் அனுப்பிவிட்டார். படிவத்தில் 'சமீபத்தில் பெரிய இழப்பு ஏதாவது உண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு எதிரில், 'மனைவி. நாற்பது நாள் ஆகிறது' என்று எழுதியிருந்தார்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஆறு மாதத்துக்குள் இழப்பைச் சந்தித்தவர்களிடம், பயிற்சி நடத்தும் சுமதி அக்கா முதலில் போனில் பேச வேண்டும். அக்கா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். பேசிப் பார்த்துவிட்டு, "இப்போ வேணாங்க, அடுத்த தடவ வாங்க" என்று சிலரைத் திருப்பியிருக்கிறார். முருகேசனையும் திருப்பிவிடுவாரோ என்று பயந்தேன். படிவத்தை அக்காவிடம் காட்டாமல் மற்றவற்றோடு கோப்பில் செருகினேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு ஆற்காட்டில் பஸ் ஏறினேன். செய்யாறு, வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய்ச் சேர 9.15. அங்கே பஸ் மாறி 10.40க்குப் புதுச்சேரி. இரண்டும் சேர்த்து 140 ரூபாய். வழியெல்லாம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நான் அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

முகாம் வீட்டின் உரிமையாளர் புதுச்சேரியிலேயே சாரம் என்ற பகுதியில் இருக்கிறார். பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பிய அம்மா. எல்லோரும் பிரெஞ்சு முறையில் மதாம் என்று கூப்பிடுகிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 80 ரூபாய். மீதி வாடகையை வாங்கிக்கொண்டு, "மெர்சி" என்று நன்றி சொல்லிச் சாவியை நீட்டியவர், வாசல்வரை வந்து ஒன்று சொன்னார்: "கடல் பக்கத்துலயே இருக்குது. பாக்க அமைதியா இருக்கும், கால உள்ளாற இழுக்கும். யாரையும் தனியா வுடாதீங்க."

அங்கிருந்து கனகசெட்டிக்குளம் பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். சாமான்கள் இருந்ததால் ஆட்டோவில் போனேன், 450 ரூபாய். இல்லாவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறலாம். சாலையிலிருந்து வீடு பத்து நிமிட நடை. சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முந்நூறு அடியில் கடல். பின்பக்கம் வேலி கிடையாது. பார்த்ததும் மதாம் சொன்னது நினைவுக்கு வந்தது.

மாலை ஐந்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முருகேசன் வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டோடு, கடைசியாக வந்தார். பஞ்சசீலம் என்னும் ஐந்து உறுதிமொழிகளைச் சொல்லி, மௌனம் ஏற்று, செல்போன்களைத் துணிப்பையில் வாங்கிக்கொண்டேன். முருகேசன் தன் போனைக் கொடுக்கும்போது அதைச் சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். "இனிமே பேசக்கூடாதுல்லம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன். சுமதி அக்கா அப்போது விளக்கேற்றிக்கொண்டிருந்தார். சொல்ல அதுதான் சமயம். இரவுச் சாப்பாடு பதினெட்டுத் தட்டா இருபதா என்று சமையல்காரர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை நன்றாகவே போனது. பதினொன்றரைக்குச் சாப்பாடு. இரண்டிலிருந்து நான்குவரை தோப்பில் அவரவர் தனியாக நடந்து தியானம் செய்ய வேண்டும். நான்கு மணிக்கு மணியடித்ததும் வந்து அமர்ந்தார்கள். எண்ணினேன். பதினேழு. மறுபடி எண்ணினேன். மூலையில் ஒரு பாய் காலியாக இருந்தது, மேலே மடித்த துண்டு.

கழிப்பறை, மொட்டை மாடி, சமையல்கட்டு எல்லாம் பார்த்தேன். பின்னால் ஒரு பழைய கிணறு. எட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு பார்த்தேன். தண்ணீரில் சவுக்கு இலைதான் மிதந்தது. அவருடைய செருப்பைக் காணோம். போன் என் பையில் இருந்தது.

சுமதி அக்காவை வெளியே அழைத்துப் படிவத்தை நீட்டினேன்.

"இது எப்போ வந்துது?"

"செவ்வாய்க்கிழமை."

படித்தார். நேராக உள்ளே போய் மணியை மூன்று முறை அடித்தார். "மௌனம் முடிஞ்சுது. முருகேசன் ஐயாவக் காணோம். எல்லாரும் தேடணும். ரெண்டு ரெண்டு பேரா போங்க, யாரும் தண்ணியில இறங்காதீங்க" என்றார். பதினேழு பேரும் எழுந்து ஓடினார்கள்.

முந்தின நாள் வந்த ஆட்டோக்காரரின் எண் என்னிடம் இருந்தது. அவர் பக்கத்தில்தான் இருந்தார். "பயப்படாதீங்க மேடம், ரோட்டுப் பக்கம் நான் பாக்கறேன். பஸ் ஸ்டாப்புல கேட்டுட்டு சொல்றேன்" என்றார். நான் கடற்கரைக்கு ஓடினேன். போகும்போதே படிவத்திலிருந்து குறித்துக்கொண்ட முருகேசன் மகளின் எண்ணை அழுத்தினேன். என்ன சொல்வது என்று தெரியாமல் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டுவிட்டாள்.

"மிஸ்டு கால் இருந்துச்சு. அப்பா நல்லா இருக்காரா?"

பொய் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. "நாலு மணியிலேர்ந்து காணோம்மா. எல்லாரும் தேடிக்கினு இருக்கோம்" என்றேன். "போன வெச்சிடாதீங்க" என்றாள். போனைக் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

படகுகள் ஏற்றியிருந்த இடத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "வெள்ளச் சட்டைக்காரரா? மத்தியானம் தண்ணிகிட்ட நின்னுனு இருந்தாரு. அப்பறம் நான் சாப்புட போயிட்டேன்" என்றார். தண்ணீர் ஓரத்துக்கு ஓடி இரண்டு பக்கமும் பார்த்தேன்.

அப்போது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "இன்னாம்மா, நீ அந்தப் பேசாத வூட்டு ஆளா? ஒங்க ஆளு எங்க வூட்டுல இருக்காரு, வா."

அவர் பெயர் அஞ்சலை. மீன் விற்கிறவர், ஐம்பது வயதிருக்கும். இரண்டாவது தெருவில் அவர் வீடு. வாசலில் தகர ஷீட் நிழலில் முருகேசன் ஒரு லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வேட்டி கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் தட்டில் சோறும் மீன் குழம்பும். நேரம் 5.20.

"இடுப்பளவு தண்ணியில நின்னாரு" என்றார் அஞ்சலை. "நான்தான் சத்தம் போட்டு கூப்புட்டேன். வந்துட்டாரு. ஊரு பேரு கேட்டதுதான் தாமதம், அழுதாரு. அதுலேர்ந்து பேசறாரு, பேசறாரு, நிறுத்தவே இல்ல. அவங்க சம்சாரம் கதையெல்லாம் எனக்கு இப்போ அத்துப்படி."

முருகேசன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. சாவணும்னு போவல. அவ பேரச் சொல்லிக் கூப்புடணும்போல இருந்துது. வாய்விட்டு. அங்க பேசக்கூடாது இல்லியா? அலை சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு போனேன். கூப்புட்டுக்கினே இருந்தேன். எவ்ளோ உள்ளாற போனேன்னு எனக்கே தெரில."

அப்போதுதான் கையிலிருந்த போன் நினைவுக்கு வந்தது. மகள் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். அவரிடம் கொடுத்தேன். "சாப்டுனு இருக்கேன்மா" என்றார்.

ஆறரைக்கு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் படிவத்தை நானே படித்தேன். ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். லோகநாதன் என்ற பழைய உறுப்பினருக்குக் கோபம் தாங்கவில்லை. "வாடகைக்கு ஆள் குறையுதுன்னு ஒரு மனுஷன எடுத்து ரொப்புவியா?" என்றார். பொருளாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். சுமதி அக்கா தலையசைத்தார்: "விட்டுட்டுப் போறது சுலபம். இருந்து சரி பண்ணு."

முருகேசன் அன்று எங்களோடு தங்கினார். அக்காவும் லோகநாதனும் அவர் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு காலை மகள் வந்து அழைத்துப் போனாள். என்னிடம் அவள் பேசவில்லை. அது நியாயம்தான். அவருடைய 3,500ஐச் சேமிப்பிலிருந்து திருப்பிக் கொடுத்தோம். கிளம்பும்போது அஞ்சலை அக்காவுக்கு ஏதாவது கொடுக்கப் போனேன். "ஒரு தட்டு சோத்துக்கு இன்னா காசு, போம்மா" என்று அனுப்பிவிட்டார்.

முகாம் நடத்தப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இடம் அருமையான இடம், காற்று உண்டு, மதாம் நேர்மையானவர். ஆனால் கடல் பக்கம் தனியாக நடக்கும் நேரம் வைக்காதீர்கள், இருவர் இருவராக விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆள் எண்ணுங்கள். வருகிறவர்களின் படிவத்தைப் பணம் பார்ப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் இப்போது படிவங்கள் முதலில் சுமதி அக்காவிடம் போகின்றன, எனக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் வரும். ஆள் குறைந்தால் சின்ன வீடாகப் பார்ப்பது, இல்லையென்றால் முகாமைத் தள்ளிவைப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

புதன்கிழமை கடையிலிருந்து முருகேசனுக்குப் போன் செய்தேன். எடுப்பாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அடுத்த தடவ என்னச் சேத்துக்குவீங்களா?" என்றார்.

"மொதல்ல சுமதி அக்கா உங்ககிட்ட பேசுவாங்க."

"பேசட்டும்மா" என்றார். "எனக்கும் பேச நெறைய இருக்குது."