கந்தோர் எடுத்த மேசை

அந்தத் திங்கட்கிழமை என் கணவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கும் சத்தம் கேட்கவில்லை. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். வெளியே எல்லாம் உறைந்து கிடந்த குளிர். நான் செருப்போடேயே ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"பிள்ளை," என்றார். "என்னை வேண்டாமாம்."

அவருடைய தாயும் தகப்பனும் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது மொன்றியலில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பம் ஒரு கறுப்பரை மருமகனாக ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் எடுத்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு என் அம்மாதான் அவருக்குத் தமிழ் பழக்கினார். அம்மா என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். கணவன் மனைவியை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று பலமுறை சொல்லியும் திருந்தவில்லை.

டவுன்டவுனில் உள்ள பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். கடைசிப் பத்து வருஷமும் அங்கே பங்காளி. பங்காளிகளில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அவர் நடத்திய பிரிவை ரொறன்ரோக் கிளையோடு சேர்க்கப்போகிறார்களாம். ஜூன் மாதத்தோடு அவர் போகவேண்டும். அதுவரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

அந்தக் கிழமை வியாழக்கிழமைதான் அந்த விருந்து. அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கறுப்பின சட்ட மாணவர்கள் வருஷா வருஷம் நடத்துவது. புலமைப்பரிசிலுக்குப் பணம் சேர்ப்பார்கள். முன்னேறிய பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கௌரவிப்பார்கள். இந்த முறை அவரை. செய்தி தெரிந்ததும் அவருடைய கந்தோர், அந்தச் சட்ட நிறுவனம், மேடைக்கு முன்னாலேயே ஒரு மேசையை முழுதாக எடுத்திருந்தது. வேண்டாம் என்று சொன்ன அதே கதையிலேயே, "வியாழக்கிழமை எல்லாரும் வருகிறோம், அது உன்னுடைய நாள்," என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"போகாதேங்கோ. சுகமில்லையெண்டு சொல்லுவம்," என்றேன்.

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மாணவர்கள் கோடையிலிருந்து இதற்காக ஓடித்திரிகிறார்கள். அவருடைய அம்மா புதுச் சட்டை வாங்கி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது.

நகரின் லாசால் பகுதியில் இருக்கும் என் அக்கா அன்று பின்னேரம், நான் வேலையில் நின்றபோது, போன் எடுத்தாள். ஒன்றும் தெரியாமல், "உன்ரை மனுசனைப் பட்டுவேட்டி கட்டச் சொல்லு, நல்லா எடுப்பா இருக்கும்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு மாமியை, அவருடைய தாயை, மூதாளர் இல்லத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். மாமிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. ஊதா நிறச் சட்டை, அதற்கேற்ற தொப்பி. காரில் பழைய தேவாலயப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஹோட்டல் மண்டபம் நிறைய இளம் பிள்ளைகள். சிலர் ஆபிரிக்கத் துணியில் தைத்த உடுப்பு, சிலர் கறுப்புக் கோட்டு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கதைத்தார்கள். அவரைக் கண்டதும் ஓடி ஓடி வந்து கை கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் குனிந்து, பெயர் கேட்டு, எந்த வருஷம் படிக்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நிறுவனத்தின் தலைவர் மனைவியோடு வந்து எங்கள் மேசையில் இருந்தார். எங்கள் கர்க்லாண்ட் வீட்டுக்கு வந்து என் கையால் நண்டுக்கறி சாப்பிட்டவர். அன்றும் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

அப்போதுதான் மாமி எழுந்தார். மேசையைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்து அந்த மனிதரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"என் மகனை இவ்வளவு காலமும் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்," என்றார்.

அந்த மனிதர் ஒரு கணமும் தடுமாறவில்லை. "உங்கள் மகன்தான் எங்களுக்குப் பெருமை, அம்மா," என்றார். என் கணவர் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கிக் குடித்தார். கிளாஸில் தண்ணீர் இருக்கவில்லை. அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கை துடைக்கும் சேர்வியெட்டை மடிக்கத் தொடங்கினார்.

சாப்பாடு வருவதற்கு முன் மஞ்சள் சட்டை போட்ட மாணவி ஒருத்தி எங்களிடம் வந்தாள். அன்று புலமைப்பரிசில் வாங்கப்போகிறவள் அவள்தான். ஹெயிட்டியிலிருந்து வந்த குடும்பம். வீட்டிலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியபடி கதைத்தாள்.

"உங்கள் நிறுவனத்துக்கு மட்டும்தான் விண்ணப்பித்திருக்கிறேன். அடுத்த மாதம் நேர்முகம். உங்கள் படத்தைப் பார்த்துத்தான் நான் சட்டம் படிக்கவே வந்தேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, இரண்டு கதிரை தள்ளியிருந்த தலைவரைப் பார்த்தார்.

"வேறு இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள்," என்றார் மெதுவாக.

"ஏன்?"

"ஒரே இடத்தை நம்பியிருக்க வேண்டாம். அவ்வளவுதான்."

அவளுடைய முகம் அப்படியே விழுந்துபோனது. "நான் அதற்குப் போதாது என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை, இல்லை. அப்படிச் சொல்லவில்லை," என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்தபடி நடந்து போனாள். புலமைப்பரிசில் வாங்க மேடைக்கு ஏறியபோது எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள், எங்கள் மேசையைத் தவிர.

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். கோடையில் தன்னையும் கூட்டிக்கொண்டு மற்றவர்களின் வீடு துடைக்கப் போனதைச் சொன்னார். மாமி தொப்பியைச் சரிசெய்தார். அதோடு முடித்துவிடுவார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. முந்திய மாதமே எழுதி வைத்திருந்த பேச்சை ஒரு வரியும் விடாமல், நிறுவனத்துக்கான நன்றி உட்பட, தெளிவான குரலில் வாசித்தார். "எனக்குக் கதவைத் திறந்தவர்கள்" என்று எங்கள் மேசையைக் கைகாட்டினார். தலைவர் எழுந்து தலை தாழ்த்தினார். நிறுவனம் கூட்டிவந்த படக்காரர் அதைப் படமெடுத்தார்.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. காற்று வாங்க வேண்டும் என்று கோட்டு வைக்கும் அறைப்பக்கம் போனேன். அந்த மாணவி அங்கே தனியே நின்று கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது கண்ணில் தெரிந்தது.

நான் யோசிக்கவில்லை. "அவர் உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை," என்றேன். "ஜூனுக்குப் பிறகு அவர் அங்கே இருக்கமாட்டார். போகச் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் அதைச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை."

அவள் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். உள்ளே கைதட்டல் கேட்டது.

"இன்றைக்குமா?" என்றாள். "இன்றைக்கு மேடையில் பேசும்போதும் அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர்களுக்கும்?"

"அவர்களுக்கும்."

கடைசிப் பொத்தானையும் பூட்டினாள். பிறகு, "எனக்கு அந்த வேலை வேண்டும், மேடம். வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்," என்றாள். மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. போ, போய் எடு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மாமியை இறக்கிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அவரிடம் சொன்னேன். சொல்லாமல் வைத்திருக்க எனக்குத் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசினார். அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும்.

"அது நான் சொல்லவேண்டியது. உனக்கு உரிமையில்லை."

"நீங்கள் சொல்லேல்லையே. அந்தப் பிள்ளை தான் உதவாதவள் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போயிருக்கும்."

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன்."

"ஆருக்கு?"

அன்று அவர் கீழே, நிலவறையில் படுத்தார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் தேவைக்கு மட்டும் கதைத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். அவர் செய்ததும் சரியென்று அவர் சொல்வார். அதை நாங்கள் பிறகு எடுத்துக் கதைத்ததில்லை.

ஜூன் மாதத்தோடு அவர் வெளியே வந்தார். காய்ந்த சீமெந்துபோல் முகம் இறுகியிருந்தது. ஆனால் வேலை தேடினார். சில இடங்களில் மரியாதையாகக் கோப்பி கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில், லாசாலில் பால் பாண் விற்கும் ஒரு தெப்பனர்க் கடைக்கு மேலே, அந்தக் கடைக்காரரிடமே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, தனியாக வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அந்த மாணவிக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் அவருக்குப் போன் எடுத்து, வரவேற்பறையில் அவருடைய படம் இன்னும் தொங்குவதாகச் சொன்னாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

மாமிக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போகும்போது, "அந்த நல்ல மனிதர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார். "நல்லாக இருக்கிறார், அம்மா," என்பார் இவர். அதோடு விடமாட்டார் மாமி. என்ன வழக்கு, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் கேட்பார். இவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இல்லாத கூட்டங்களையும் நடக்காத வழக்குகளையும் ஒவ்வொன்றாகச் சொல்வார். வழக்காட வேண்டிய திறமையெல்லாம் மாமியின் அந்தச் சின்ன அறையில்தான் செலவானது. பக்கத்துக் கட்டிலில் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டு கேட்டபடி இருப்பேன்.

கார்த்திகையில் மாமி நித்திரையிலேயே போய்விட்டார். ஒன்றும் தெரியாமலே போனார். செத்தவீட்டில் இவர் அழவில்லை. வந்தவர்களுக்குக் கோட்டு வாங்கி வைத்தார், தேவாலயத்தில் ஒலிவாங்கியைச் சரிசெய்தார், எல்லாரையும் சாப்பிடச் சொன்னார்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். அவர் கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்தும் போட்டு, குசினி வாசலில் வந்து நின்றார்.

"எங்கை வெளிக்கிட்டிட்டியள்?" என்று கேட்டேன்.

அவர் தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கிழமைக்கு ஒரு நல்ல கதை வச்சிருந்தன், பிள்ளை," என்றார்.

பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். திங்கட்கிழமை அழாததும், மேடையில் அழாததும், செத்தவீட்டில் அழாததும் எல்லாமாகச் சேர்த்து அழுதார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு, மாக்கையோடேயே பக்கத்தில் போய் இருந்தேன்.