டைனோசர் நெற்றியில் திருநீறு

"திருநீறு பூசினால் நெருப்புக்கல்லு விழாதோ அம்மா?"

என் ஐந்து வயது மகளின் கேள்வி இது. தன் அறைச் சுவரில் தொங்கும் ஓவியத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அதை வரைந்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. கலியாணமாகி உடுவிலுக்கு வந்த புதிதில் அவருடைய அறையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். பழைய புத்தகங்களில் இருந்து பிரித்தெடுத்த ஆதிகால மிருகங்களின் படங்கள் சுவர் முழுக்க. அவற்றைப் பார்த்துத்தான் வரைவார், அவர் சொல்லில் கீறுவார். ஆனால் அவர் கையில் பறக்கும் பல்லி ஒன்று நெய்தல் கரையில் யாருக்காகவோ காத்திருக்கும். கொம்பு வைத்த ஒன்று தன் நிழலைப் பார்த்து, தான் யார் என்று யோசிக்கும். இப்படி மாற்றுவது சரிதானா என்று ஒருமுறை கேட்டேன். "உந்தப் படங்களைக் கீறினவை மிருகத்தை நேரிலை கண்டவையே? எலும்பைக் கண்டு மிச்சத்தை நினைச்சுக் கீறினவை. நானும் நினைக்கிறன். உமக்கென்ன?"

மகளுக்கு டைனோசர் பைத்தியம். ஒன்று வரைந்து தாருங்கள் என்று நான்தான் கேட்டேன். சிரிக்கிற டைனோசரை எதிர்பார்த்தேன். வந்தது பாலைநிலம். நீண்ட கழுத்துத் தாய் ஒன்று, மணலில் விலகிப் போகும் குட்டியின் காலடிகளைக் குனிந்து பார்க்கிறது. காதலனோடு உடன்போன மகளைத் தேடும் சங்கப் பாட்டுத் தாய் என்றார் மச்சாள். தாயின் முதுகுக்குப் பின்னால் வானத்தில், அது காணாத ஒரு சிவப்புக் கல். "வரப்போறது தெரியாமல்தான் எல்லாரும் பாசம் வைக்கிறம்." பிள்ளையின் அறைக்கு இது தேவையா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, மாட்டிவிட்டேன்.

வானத்திலிருந்து விழுந்த அப்படியொரு கல்லால்தான் டைனோசர்கள் அழிந்தன என்று மகளுக்குத் தெரியும், காணொளிகளில் பார்த்திருக்கிறாள். நித்திரையில் எழும்பி அழத் தொடங்கினாள். ஆனால் படத்தைக் கழற்றவும் விடவில்லை.

மாமி, கணவரின் அம்மா, கொதித்தார். "பிள்ளை வீட்டை விட்டுப் போற படத்தைப் பிள்ளை படுக்கிற அறையிலை ஆரும் கொழுவுவினமோ? கீறினவளுக்குத்தான் விசர் பிடிச்சிட்டுது, உனக்குமோ?" பிறகு, காய்ச்சல் பிள்ளைக்குப் பூசுவதுபோல, அந்த மிருகத்தின் நெற்றியில் திருநீற்றை நனைத்து மூன்று குறியாக இழுத்துவிட்டார். அன்றிலிருந்து மகள் விடியும்வரை தூங்குகிறாள்.

அடுத்த மாதம் மச்சாளின் கண்காட்சி. அதில் வைப்பதற்காகப் படத்தைப் பார்க்க வந்த மச்சாள் திருநீற்றைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறியது. "துடைச்சு வையும். தப்பிப் பிழைச்ச மிருகத்தை நான் கீறேல்லை."

"திருநீற்றைத் துடைக்கிற கை உருப்படுமே?" என்றார் மாமி.

"துடைச்சால் அது செத்துப்போகும்" என்றாள் மகள்.

கணவரிடம் கேட்டேன். "எல்லாரும் சொல்லுறது சரிதானே" என்றார்.

எல்லோருக்கும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஈரத்துணியோடு நிற்பது நான். திருநீறு கல்லைத் தடுக்கும் என்று சொன்னால், தெரிந்தே பொய் சொல்கிறேன். தடுக்காது என்று சொன்னால், நாளைக்கு இவளுக்கே காய்ச்சல் வரும்போது எந்த முகத்தோடு பூசிவிடுவேன்?

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். துடைக்கவா, விடவா? துடைத்தால், அன்று இரவு அவளுக்கு என்ன சொல்லித் தூங்கவைப்பது?