எந்தப் பம்பு?

“நெஞ்சுக்குள்ள பம்பா? யாருகிட்ட காது குத்தற?”

கடலூரில் என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதும் மாமா இப்படித்தான் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். இப்போது சிதம்பரத்தில் செவிலியர் மேற்படிப்பு. அதைச் சொல்லிக்கொள்ள நான் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. ஆகவே பொறுமையாக விளக்கினேன். இதயம் தளர்ந்தவர்களுக்கு உள்ளே ஒரு சின்னப் பம்பைப் பொருத்துவார்கள். அதன் ஒயர் வயிற்றின் வழியே வெளியே வந்து, தோள்பையிலுள்ள பேட்டரியில் சேரும். அவர்கள் தங்களை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளக்கும் கேள்விகளைத் தமிழில் எழுதியிருந்தேன்.

“பேட்டரி போச்சின்னா?” என்றார் மாமா. பதிலுக்குக் காத்திருக்காமல் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கேள்விகள் புரிகின்றனவா என்று சோதிக்க முதலில் கிடைத்தவர், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. சென்னையில் பம்பு பொருத்தி வீடு திரும்பியிருந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தட்டுப்படவில்லை. பம்பு ரத்தத்தை விடாமல் தள்ளுவதால் பலருக்கு அப்படித்தான் என்று படித்திருந்தும், படபடத்தது எனக்குத்தான். நாடியில்லாத மனிதர், “டீ சாப்புடறியாம்மா?” என்றார்.

தொடங்கினேன். “பம்போட சத்தம் மாறுதான்னு கவனிப்பீங்களா ஐயா?”

“தெனம் காலையில. சத்தம் மாறினா பேரிங்கு போச்சின்னு அர்த்தம்.”

இவ்வளவு விவரமான நோயாளியா! முழு மதிப்பெண் போட்டேன்.

“ஒயர சுத்தி பாப்பீங்களா?”

“பின்ன? எலி கடிச்சி வெச்சிருக்குமே.”

பேனா நின்றது. “எலியா?”

“கொட்டாயில எலி ஜாஸ்திம்மா.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி சிரித்தே விட்டார். “யோவ், பாப்பா ஒன் நெஞ்சுல இருக்கறத கேக்குது. நீ கொல்லியில தண்ணி எறைக்கற மோட்டார சொல்ற!”

“அதுவா? மிஷின்னு சொல்லும்மா. அத நான் பாக்கவே மாட்டேன். பயம்.”

“நான்தான் தெனம் தொடச்சிக் கட்டுப் போடறேன். இவுரு கண்ண இறுக்கி மூடிக்குவாரு,” என்ற அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வாரம் மகளின் பிரசவத்துக்குக் கடலூர் போகிறார், திரும்ப ஒரு மாதமாகும். ஒயர் வெளிவரும் இடத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அவர் திரும்பும்வரை கட்டுப்போட வீட்டில் வேறு ஆளில்லை.

“கொல்லி மோட்டாரத் தொட பயமில்ல, இதுக்கா பயம்?” என்றேன்.

“அது நின்னா தண்ணி நிக்கும். இது நின்னா?”

ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, அவர் நெஞ்சிலேயே வைத்தேன். வெகுநேரம் கேட்டார். “பேரிங்கு நல்லாருக்கு.”

“கட்டும் நீங்களே போடப் பழகணும். அவுக்கும்போது பாக்கலாமா?”

“கண்ணாடியில காட்டு, பாக்கறேன். அதுல இருக்கறது வேற ஆளுதான?”

கேள்விகளில் ‘பம்பு’ வந்த இடமெல்லாம் ‘மிஷின்’ ஆயிற்று. அவருடைய முழு மதிப்பெண்ணும் பூஜ்யமாயிற்று. மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி, அவர் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.