ஆறாம் கட்டிலில் போட்ட ஊசி

ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வரிசையாக ஊசிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் பேனாவால் எழுதிய கட்டில் எண். அரியலூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தனியார் மருத்துவமனையை நினைத்தால் இந்தத் தட்டுதான் கண்முன் வந்து நிற்கிறது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பத்துக் கட்டில் உள்ள வார்டுக்கு நாங்கள் இரண்டே பேர். ஒருத்தி மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் அடுக்கி, மருந்துத் தாளில் கையெழுத்தையும் போட்டு வைத்துவிடுவாள். இன்னொருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு வருவாள். இப்படிச் செய்யவே கூடாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் செய்தவர்கள்தான் நாங்கள். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அதைச் சௌகரியமாக மறந்துபோனோம்.

என்னோடு வேலை பார்த்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வயதுதான் மூத்தவள். அரும்பாவூரிலிருந்து பஸ் மாறி மாறி வருவாள். வார்டில் நடக்கும்போது வழியில் இருக்கிற ஒவ்வொரு நோயாளியின் நெற்றியிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். கோயிலில் விபூதி பூசுகிற பூசாரி என்று நான் அவளைக் கேலி செய்வேன். "நீ ரயிலு வுடுற புள்ள, நான் நடந்து வரேன்" என்று சிரிப்பாள். எனக்கு வேகம் என்றால் பெருமை. பத்துப் பேருக்கும் நாடியும் ரத்த அழுத்தமும் கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிடுவேன். அதில் எத்தனை பேருடைய கையைத் தொட்டேன் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று சித்திரை வெயில். என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தேன். வார்டில் முகங்கள் எல்லாம் புதிது. ஆறாம் கட்டிலில் சர்க்கரை நோய்க்காரர், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். அக்கா ஊசியில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு, தட்டை என்னிடம் கொடுத்தாள். நான் போய்ப் பார்த்தபோது ஆறாம் கட்டிலில் ஒருவர் அரை மயக்கமாகப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரிக் காடு வைத்திருக்கிறவர்கள்.

"பேரு என்னம்மா?" என்றேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அத நான் எப்புடிங்க சொல்றது? அந்த அட்டையில எழுதியிருக்கும், பாருங்க."

எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. எனக்குத் தெரியாதது இல்லை. கட்டில் காலடியில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். ஆறு என்றிருந்தது, இன்சுலின் என்றிருந்தது. போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த வார்டில் ஆறாம் கட்டிலுக்கு மேலே இருந்த ஃபேன் ஒன்றுதான் ஒழுங்காகச் சுற்றும். சர்க்கரைக்காரர் அன்று மாலை வீட்டுக்குப் போகிறவர். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் புழுங்கியவரைப் பார்த்து மனம் கேட்காமல், "நான்தான் கெளம்புறேனே, நீங்க இங்க வந்து படுங்க" என்று இடம் மாறிக் கொடுத்திருக்கிறார். ஆள் மாறிவிட்டார், அட்டை மாறவில்லை. இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காத மனிதருக்கு நான் இன்சுலின் போட்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். முக்கால் மணி நேரம் கழித்து நாடி எழுதப் போனபோது அந்த அம்மா சந்தோஷமாக என் கையைப் பிடித்தார். "சிஸ்டர், வேத்து வுட்டுடுச்சுங்க. காய்ச்சல் எறங்கிட்டு." தலையணையே நனைந்திருந்தது. காய்ச்சல் வியர்த்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று ஊரே நம்பும். நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. "நல்லதும்மா, தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்றேன். தொடாமலே நாடி எண்பத்திரண்டு என்று எழுதினேன். அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அக்கா தாமதமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து வழக்கம்போல் நெற்றியில் கை வைத்தாள். "ஆளு சில்லுன்னு கெடக்காரு!" என்று அவள் கத்தியது வராந்தா வரை கேட்டது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், அடியோடு இறங்கியிருந்தது; வியர்த்ததும் அதனால்தான். குளுக்கோஸ் ஏற்றினாள். உயிர் தங்கியது. ஆனால் கண் திறந்தும் அவர் யாரையும் பார்க்கவில்லை. அப்போது அந்த அம்மா புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கி, பெயரைச் சொல்லிக் கத்தினார், திரும்பத் திரும்ப, தொண்டை கிழிய. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அதற்கு யோக்கியதை கிடையாது.

ஆம்புலன்ஸில் திருச்சிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, விழுங்க மட்டுமே தெரிந்த ஒரு மனிதரை அந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் மருந்துத் தாளை மேஜையில் போட்டு, இது யார் கையெழுத்து என்று கேட்டார். அக்கா, "என்னுதுதான் சார். ஏத்தி வச்சது நான். போட்டது இவ" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிய குரல். டாக்டர் என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. "நான் போடல சார்" என்றேன். மூன்றே சொல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் கோபப்படவில்லை, காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் பார்த்தாள். அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்காவை அன்றே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்த மருத்துவமனையும் அவளைச் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, சின்ன வெங்காயம் ஆயக் கூலிக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் கல்யாணம் முடித்து, பெரம்பலூரில் வேறு மருத்துவமனையில் சேர்ந்து, இன்று ஒரு வார்டுக்கே பொறுப்பாக இருக்கிறேன். என் வார்டில் நோயாளியின் கையில் பெயர்ப்பட்டை இல்லாமல் யாரும் ஊசியைத் தொட முடியாது. ரொம்பக் கண்டிப்பான சிஸ்டர் என்று பெயர் எடுத்திருக்கிறேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. ஒரு நாளும் சொல்லவில்லை.

போன மாதம் அக்கா தன் அம்மாவை மூச்சுத் திணறலோடு என் வார்டுக்கே கொண்டுவந்தாள். நகக்கண்ணில் வெங்காயக் கறை. முடி பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியாமல் இல்லை. "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். மருந்தை நானே ஏற்றி, பட்டையில் பெயரைச் சரிபார்த்து, கட்டிலருகே போனேன். அவள் எழுந்து எனக்கும் தன் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள்.

"ஊசி மட்டும் நீ போடாத. வேற ஆள வரச் சொல்லு."

குரலை உயர்த்தவில்லை. நான் வெளியே போய்ப் பக்கத்து வார்டு சிஸ்டரை அழைத்து வந்தேன். அவர் புரியாமல், "ஏன், நீங்களே போடலாமே?" என்றார்.

"கை வலிக்குது சிஸ்டர்" என்றேன்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.