பெரியப்பாவின் ஜன்னல் ஆண்டெனா

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, சாம்பல் நிறச் சதுரத் தட்டு அது. அதன் முதுகில் இருந்த கால் உடைந்த பிறகு பெரியப்பா அடியில் ஓர் ஓட்டுச் சில்லை முட்டுக் கொடுத்து, சணல் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். போன மாதம் ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் அவர் வீட்டைக் காலி செய்யப் போனேன். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். வைத்துக்கொள்ள வேண்டியவை, யாருக்காவது கொடுக்க வேண்டியவை, காயலாங்கடைக்குப் போட வேண்டியவை என்று சாமான்களை மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். எதையும் அந்தந்த இடத்தில் வைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஹால் ஜன்னலுக்கு வந்தபோது, அதே கயிற்றில், அதே சாய்வில், தென்கிழக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தபடி அந்த ஆண்டெனா இருந்தது. அதை எந்தக் குவியலில் வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

செயற்கைக்கோள் வானொலி என்று ஒன்று இருந்ததை இன்று பலர் மறந்திருப்பார்கள். கம்பத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ வராமல் நேராக வானத்திலிருந்து இறங்கும் பாட்டு. ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் இந்தத் தட்டு. வருடச் சந்தா கட்டினால் ஒரு நிலையத்தில் நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு, இன்னொன்றில் கச்சேரி, வேறொன்றில் இந்தி. விளம்பரம் கிடையாது, வாய் ஓயாத பேச்சு கிடையாது. பெட்டியின் சின்னத் திரையில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் ஊர்ந்து போகும். பெரியப்பா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கினார். பெரியம்மாவுக்குப் படிக்க வராது. ஒவ்வொரு பாட்டுக்கும் அடுப்படியிலிருந்து "யாரு பாடறது?" என்று கேட்பாள். இவர் திரையைப் பார்த்துப் படித்துச் சொல்வார். அவள் இறந்த பிறகும் யாரும் கேட்காமலே படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாட்டுக்கு நடுவே அவர் குரல் ஒரு பெயரைச் சொல்வது தெருவுக்குக் கேட்கும்.

அந்தத் தட்டுக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது. தென்னை மட்டை சரிந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். ஒருமுறை தேர்தல் பேனரைக் கட்டிவிட்டுப் போனார்கள், அடியோடு நின்றது. ஒவ்வொரு முறையும் பெரியப்பா செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்து குறுக்கே இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். "மேலேர்ந்து வர்றது நிக்காது. நடுவுல எவனோ நிக்கிறான்னு அர்த்தம்" என்பார். அதை அவர் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பக்கத்து வீடு எங்களுடையது. என் அப்பா அவருக்கு ஒரே தம்பி. அப்பா அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவியதும் அங்கேதான் போவார், விளக்கு வைக்கும் வரை இருப்பார். இருவரும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். திரையைத் துண்டால் மூடிவிட வேண்டும். குரலை வைத்துப் பாடியவரைச் சொல்ல வேண்டும். தோற்றவர் முக்குக் கடையிலிருந்து போண்டா வாங்கி வர வேண்டும். நானும் முறுக்கைக் கடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன்.

"சொல்றா சின்னவனே, யாரு?"

"இரு ண்ணா, சரணம் வரட்டும்."

"சரணம் வந்தா தெருநாய்கூட சொல்லும். இப்ப சொல்லு."

அப்பா ஒரு பெயரைச் சொல்வார். பெரியப்பா துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டுவார். "காது அவுட்டுடா உனக்கு! மெசின் சத்தத்துலயே வுட்டுட்ட. போ, போயி போண்டா வாங்கினு வா. சட்னி நெறைய கேளு."

அப்பா வேண்டுமென்றே தோற்கிறாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எனக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. பத்திரிகையில் முதல் பெயராகப் பெரியப்பாவின் பெயரை அச்சடித்தார்கள். ஊரிலிருந்து உறவினர் வந்து தங்குவார்கள், தண்ணீர் போதாது என்று அப்பா எங்கள் மொட்டைமாடி ஓரத்தில் இரும்பு ஸ்டாண்டு போட்டு ஒரு பெரிய கறுப்பு டேங்க்கை ஏற்றினார். மார்கழி பாதியில் ஒரு சாயங்காலம் இருட்டும் நேரத்தில் அது ஏறியது. பெரியப்பா விளக்கு வைத்ததும் பெட்டியை அணைத்துவிடுகிறவர். மறுநாள் காலையில் போட்டார். பாட்டு வரவில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். டேங்க் நின்றுகொண்டிருந்தது.

கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி அவர் தெருவில் நின்று கத்தினார். "ஊடு கட்டிக்கடான்னு எடத்துல பாதிய வுட்டுக்குடுத்தேனே, அதுக்கு இதானாடா?"

அப்பா பல் துலக்கிய வாயோடு ஓடி வந்தார். "ண்ணா, தண்ணி டேங்க்கு ண்ணா. கல்யாணத்துக்கு ஜனம் வருதுல்ல? ஆண்டெனாவ உன் மாடியில ஏத்திக்கலாம், நீட்டு ஒயரு நான் வாங்கியாறேன்."

"நான் ஏன்டா மாத்தணும்? குறுக்க வந்தவன் நீ. அவ போன பெறவு எனக்குன்னு கீறது இந்தப் பொட்டி ஒண்ணுதான். அதையும் அடச்சிட்டியே. பொறந்ததுலேர்ந்து எனக்குக் குறுக்க நிக்கிறதே உனுக்குப் பொழப்பு. அந்த டேங்க்கு அங்க கீற வரைக்கும் உன் ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன். கல்யாணமா இருந்தாலும் சரி, கருமாதியா இருந்தாலும் சரி."

கல்யாண வீட்டு வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தியைப் பார்த்தேன். அந்த வானொலி நிறுவனம் நொடித்துப்போய், நாடு முழுவதும் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. டேங்க் ஏறிய அதே இரவில்தான் நிறுத்தியிருந்தார்கள். சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலில் சொல்லிவிட்டார்களாம். பெரியப்பாவிடம் மின்னஞ்சல் ஏது? குறுக்கே டேங்க் நின்றாலும், நிலையமே இல்லாமல் போனாலும், அந்தத் திரை காட்டுவது ஒரே வெறுமையைத்தான். சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு போய் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"ஊரு பூரா நின்னு போச்சா?"

"ஆமா பெரியப்பா. எல்லாருக்கும்."

துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சரிம்மா. கம்பெனி மூடுனது வேற. அவன் குறுக்க டேங்க்கு வெச்சது வேற. அத எறக்கச் சொல்லு. வர்றேன்."

நான் அப்படியே வந்து அப்பாவிடம் சொன்னேன். விடிந்ததும் அப்பா இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, ஏற்றிய டேங்க்கை இறக்கினார். ஸ்டாண்டையும் பிரித்து எடுத்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு லாரித் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கினோம். டேங்க்கை இறக்கியாயிற்று என்று பெரியப்பாவிடம் சொல்லப் போன என்னை அப்பா தடுத்தார். "நீ போவாத. அவருக்குக் கண்ணு கீது. பாத்துட்டு அவரே வரட்டும்."

அவர் வரவில்லை. கல்யாணத்தன்று ஆவடி மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் யாரையும் உட்காரவிடாமல் அப்பா நின்றார். பத்திரிகையைப் படித்தவர்கள் முதல் பெயர்க்காரரைத் தேடினார்கள். "ஒடம்பு செரியில்ல" என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். தாலி கட்டும்போதும் அவர் கண் வாசலில்தான் இருந்தது. அதை நான் மணையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதன் பிறகும் பெரியப்பா பல வருடங்கள் இருந்தார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள். சில சாயங்காலங்களில் அப்பா மாடியில் நின்று செல்போனில் பழைய பாட்டைச் சத்தமாக வைப்பார். பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் காத்திருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பெயரும் வராது. எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்: பெரியப்பா ஜன்னலை மூடியே வைத்திருந்தார், டேங்க் இறங்கியதை அவர் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் வந்திருப்பார். ஆடி மாதம் ஒரு மழைநாளில் அவர் இறந்தபோது அப்பாதான் கொள்ளி வைத்தார். அன்றும் அந்தச் சமாதானத்தை நான் கைவிடவில்லை.

போன மாதம் அந்த ஜன்னல் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஆண்டெனாவைப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் அவர் உட்காரவில்லை.

"பாவம்ப்பா, டேங்க்க எறக்குனது அவருக்குத் தெரியாமலே போயிடுச்சு" என்றேன்.

"யாரு சொன்னது?" அப்பா என்னைப் பார்க்காமல் பேசினார். "நான் எறக்கறப்ப இந்த ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தாரு. டேங்க்கு கீழ எறங்குனதும் பொட்டியப் போட்டாரு. இந்தத் தட்ட இப்டி அப்டி அசச்சுப் பாத்தாரு, அப்பவும் பாடல. நான் மேலேர்ந்து கைய காட்டுனேன். ஜன்னல சாத்திட்டாரு."

இத்தனை வருடம் இதை அவர் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் அப்படி ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காயலாங்கடைக்காரர் சாக்கோடு வந்தார். மூன்றாவது குவியலை அள்ளிப் போட்டார். நான் சணலை அறுத்து ஆண்டெனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இது இன்னாக்கா?"

"பாட்டுப் பொட்டியோட ஆண்டெனா. எதிர்ல எதுனா குறுக்க நின்னா பாடாது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்து ஜன்னல் கம்பி வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். எங்கள் மொட்டைமாடி ஓரம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே வானம்.

"எதிர்ல ஒண்ணுமே இல்லியேக்கா" என்றபடி சாக்கில் போட்டார்.